ஐஸ் பேக்டரி வாசலில் ஒட்டிய கடல்

என் அக்காவைப் பற்றி இந்தத் துறைமுகத்தில் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பி கட்டி வெளிநாட்டுக் கப்பலுக்கு உளவு சொல்கிறாள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்குத் தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கக்கூடத் தெரியாது. புருஷனைக் கடலுக்கு அனுப்பாமல் வீட்டில் கட்டிப்போடத்தான் இத்தனை நாடகமும் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. யார் வாயையும் என்னால் அடைக்க முடியாது. ஆனால் நடந்தது முழுக்க எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் உண்டு, பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான பங்கு இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பிடித்தால் கேளுங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போங்கள்.

அக்கா துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் கம்ப்ரஸர் அறையில் வேலை பார்க்கிறாள். நான் அங்கேயே லோடிங் மேஸ்திரி. வேலையில் சேர்த்துவிட்டது நான்தான் என்று பத்து வருடமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன். "நீ மேஸ்திரி ஆகணும்னு லெட்டர் எழுதிக் குடுத்தது யாருடா?" என்று அவளும் பத்து வருடமாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால் அவள் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் ஃபேக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டாள். பதினோரு வருடம். கப்பல்காரர்கள் எல்லாரும் ஈமெயிலுக்கு மாறியதும் ஆபீஸை இழுத்து மூடிவிட்டார்கள். கோடு கோடாகத் தாளில் படம் இறங்குவதைப் பார்த்துப் பழகிய அவள் கண்ணை மட்டும் யாராலும் மூட முடியவில்லை.

பழைய கப்பலை உடைத்த சாமான்களை விற்கும் கடை ஒன்று எங்கள் தெருமுனையில் இருக்கிறது. அங்கே ஒரு கப்பல் ரேடியோவைப் பார்த்தாள். இரண்டு கைப்பிடி வைத்த இரும்புப் பெட்டி, தூக்க ஆள் வேண்டும். கூடவே சோப்புப் பெட்டி அளவில் இரண்டு சின்ன விளக்கு வைத்த ஒரு மோடம். இரண்டையும் வாங்கிவிட்டாள். மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனது என் மாமா, அதாவது அவள் புருஷன். மீன்பிடி விசைப்படகு ஓட்டுகிற டிரைவர் அவர். ஒரு தடவை கடலுக்குப் போனால் நாலைந்து நாள் ஆகும் திரும்ப. படியில் மூச்சு வாங்க நின்று, "இதுல பாட்டாவது நல்லா கேக்குமா?" என்றார். கேட்காது என்றாள் அக்கா. மனிதர் பெட்டியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். எங்கோ தூரத்தில் ஒரு வானிலை நிலையம் கடல் வரைபடத்தைச் சத்தமாக்கி ரேடியோவில் அனுப்புகிறது. வெறும் காதுக்கு அது யாரோ ஓட்டைத் தகரத்தைத் தேய்ப்பது மாதிரி இருக்கும். ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே அந்த மோடம் உட்கார்ந்துகொண்டு, சத்தத்தை மறுபடியும் கறுப்பு வெள்ளைக் கோடாக மாற்றுகிறது. நொடிக்கு இரண்டு கோடு. ஒரு படம் முழுதாக வரப் பத்து நிமிடத்துக்கு மேலாகும். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது. நான் முதல் நாள் நாலு நிமிடம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஸ்லோ ஸ்கேன் டிவி என்று இன்னொன்றும் உண்டு. வீட்டில் ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொள்வார்கள், விசில் அடிக்கிற மாதிரி சத்தத்தில். ஒரு படம் வர ஒன்றிரண்டு நிமிடம். அக்காவுக்கு அனுப்புவதற்கு லைசென்ஸ் கிடையாது, வாங்கிப் பார்ப்பதோடு சரி. அவளுக்கு முதலில் வந்த படம் மூக்குக்கண்ணாடி மாட்டிய ஒரு கொழுத்த நாய்.

மாமா குனிந்து பார்த்தார். "இந்த நாயைப் பாக்கவா மொட்டைமாடில இருந்து தண்ணி டேங்க் வரைக்கும் கம்பி கட்டுனே?"

"அது எத்தனையாயிரம் மைல் தாண்டி ரெண்டு நிமிஷத்துல வந்திருக்கு தெரியுமா? டீக்கடைக்குப் போனா நீங்க திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுது?"

மாமா நாயை இன்னொரு தடவை பார்த்தார்.

கடல் வரைபடம் பகலும் ராத்திரியும் பல தடவை வரும்; முதலாவது காலை ஐந்தரைக்கு. அதைப் பிரிண்டரில் எடுத்து மாமாவிடம் கொடுப்பாள். அதில் நெளிநெளியாகக் கோடுகள் இருக்கும். கோடு தள்ளித் தள்ளி இருந்தால் கடல் அமைதி, நெருங்கி நெருங்கி வந்தால் காற்று. படிக்காதவனுக்கும் புரியும். மாமா அதைப் படகுக்குக் கொண்டுபோனதும் பக்கத்துப் படகு டிரைவர் கேட்டார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஆளுக்கொரு தாள் போட மை கட்டுப்படியாகுமா? எல்லாப் படகுக்காரர்களும் ஐஸ் ஏற்ற எங்கள் பேக்டரி வாசலுக்குத்தானே வந்தாக வேண்டும் என்று யோசித்தாள். மறுநாள் காலை கேட்டின் இரும்புத் தகட்டில் பசை தடவி ஒட்டிவிட்டுக் கம்ப்ரஸர் அறைக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் ஒட்டினாள்.

"போன்லதான் எல்லாம் வருதே" என்று சிலர் கேட்டார்கள். போனில் என்ன வருகிறது? ஊருக்கு ஒரு சூரியன் படம், அல்லது ஒரு மேகம். படகு போவது ஊருக்குள்ளா? கரையிலிருந்து நூறு மைல் தள்ளி என்ன நடக்கிறது என்று அந்தச் சூரியனுக்கு எப்படித் தெரியும்? அக்கா இதை ஒரு தடவை சொல்லுவாள். இரண்டாவது தடவை கேட்டால், "அப்போ சூரியனைப் பாத்துட்டுப் போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இப்போது அவள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் அக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள்.

படம் தொடங்குவதற்கு முன்னால் அந்த நிலையம் அரை நிமிடம் ஒரு அடையாளச் சத்தம் அனுப்பும். தாளின் இடது ஓரம் எது என்று மெஷின் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அந்த அரை நிமிடத்தைத் தவறவிட்டுவிட்டால் படம் வரும், ஆனால் ஓரம் நடுவில் வந்து நிற்கும். இடது பாதி வலது பக்கத்திலும் வலது பாதி இடது பக்கத்திலும் மாறி உட்கார்ந்திருக்கும். ஒருநாள் காலை கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். அது ரேடியோவில் கிளப்பிய இரைச்சலில் அக்காவுக்குத் தொடக்கம் போய்விட்டது. கடற்கரை நடுவே பிளந்து கிடக்கிற தாளை ஒட்டினால் யாருக்குப் புரியும் என்று கத்திரிக்கோலை எடுத்தாள். வெட்டி, இடம் மாற்றி, ஒட்டினாள்.

வெட்டியதுதான் வினை. ஓரக்கோடு என்று நினைத்து அவள் வெட்டியது, இரண்டு விரல் தள்ளியிருந்த இன்னொரு நேர்கோட்டை. வரைபடத்தில் வழக்கமாகப் போடுகிற கட்டக்கோடு அது. அதனால் இடது கோடியில் இருக்க வேண்டிய இரண்டு விரல் துண்டு வலது கோடியிலேயே தங்கிவிட்டது. எங்கள் கடல் இருப்பது அந்த வலது கோடியில். அந்தத் துண்டிலோ, உலகத்தின் வேறொரு மூலையில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு புயல். ஆக, எவனோ ஒருவன் கடலில் அடிக்க வேண்டிய புயலை அக்கா கத்திரித்துக் கொண்டுவந்து எங்கள் வாசலில் ஒட்டிவிட்டாள்.

தாளைப் பார்த்துத் துறைமுகத்து நாற்பது படகும் கரையிலேயே நின்றன. வெயில் அடித்தது. கடல் தட்டில் ஊற்றிவைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. பேக்டரியில் ஐஸ் பார்கள் கரைந்து வாய்க்காலில் ஓடின. மேனேஜர் அந்த வாய்க்கால் ஓரமாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சாவு விழுந்தவர் மாதிரி நின்றார் மனுஷன்.

மறுநாள் எல்லாரும் அவள் தாளை ஒட்ட மாட்டாள் என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒட்டக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவள் வந்தாள், ஒட்டினாள். தாளின் தலையில் பேனாவால் பட்டையாக எழுதியிருந்தாள்: "நேற்று நான் வெட்டி ஒட்டியது தப்பு. புயல் நம் கடலில் இல்லை. எல்லாரும் மன்னிக்கவும். இனி வெட்ட மாட்டேன்."

மேனேஜர் ஓடி வந்தார். "மன்னிப்பும் கேக்குறே, மறுபடியும் ஒட்டுறே. என்னம்மா இது?"

"தப்பா ஒட்டுனதுக்குத்தான் சார் மன்னிப்பு. ஒட்டுனதுக்கு இல்ல."

அன்றைக்கு ஊர் அவளுக்குக் 'கத்திரிக்கோல்' என்று பெயர் வைத்தது. நடந்து போனால் பின்னாலிருந்து விரலால் வெட்டிக்காட்டுவார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சொன்ன சொல்லை மட்டும் காப்பாற்றினாள். தொடக்கம் தவறினால் பிளந்த தாளை அப்படியே ஒட்டி, பிளந்த இடத்தில் "தாள் இங்கே தொடங்குகிறது" என்று எழுதினாள். இரைச்சலில் அழிந்துபோன இடத்தில் "இது வரவில்லை, எனக்குத் தெரியாது" என்று எழுதினாள். தெரியாததைத் தெரியாது என்று எழுதி நடுத்தெருவில் ஒட்டுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? டிரைவர்கள் மெல்ல மெல்ல மறுபடியும் வாசலில் நின்று படிக்கத் தொடங்கினார்கள். கேலியும் செய்தார்கள், படிக்கவும் செய்தார்கள்.

மேனேஜரும் கண்டும் காணாமல் இருந்தார். காரணம், அந்த மாதம் முழுக்க நல்ல கடல். கோடு தள்ளித் தள்ளி இருந்த நாட்களில் அவரே டிரைவர்களைக் கூப்பிட்டு, "தாளைப் பாத்தீங்கல்ல? அப்புறம் என்ன, ஏத்துங்க!" என்பார்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

அதற்கு முந்தின சாயங்காலத் தாளிலேயே கோடுகள் ஒன்றையொன்று தேடி வருகின்றன என்று அக்கா சொல்லியிருந்தாள். மாமா வலை வேலைக்காகப் படகிலேயே தங்கப் போனார். கிளம்பும்போது, "காலைத் தாள் வந்தாத்தான் நிச்சயமாத் தெரியும். கேட்டுல பாருங்க. கோடு நெருங்கியிருந்தா ஓனர்கிட்ட காட்டிட்டுப் படகுல இருந்து இறங்கிடுங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

காலைத் தாளில் எங்கள் கடல்மேல் கோடுகள் விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. தொடக்கம் தவறவில்லை, இரைச்சல் இல்லை, சுத்தமான தாள். அக்கா ஒட்டிவிட்டு ஆறு மணிக்குக் கம்ப்ரஸர் அறைக்குள் போனாள். உள்ளே போய்விட்டால் மதியம் இரண்டு வரை வெளியே வர முடியாது. அங்கே போன் எடுத்துப்போகவும் அனுமதி இல்லை.

மேனேஜர் தாளைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். "உள்ள அறுநூறு பார் நிக்குது. இதைக் கிழி."

"சார், அக்கா..."

"அக்கா வேலையும் உன் வேலையும் வேணும்னா கிழி. இல்லைன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போங்க. அன்னிக்கு மாதிரி இதுவும் ஒரு கத்திரிக்கோல் புயல்தான்."

கிழித்தேன். ஆமாம், நான்தான் கிழித்தேன். பசை காயவில்லை, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஒரு மூலை மட்டும் தகட்டோடு நின்றுவிட்டது. கிழித்ததைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மனதுக்குள், அவளும் ஒரு தடவை தப்புப் பண்ணினவள்தானே, போனிலும் பாதிச் சூரியன்தானே காட்டுகிறது என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு மாமா வந்தார். கூடவே அவருடைய படகு ஓனர். தடித்த கண்ணாடி போட்டவர், அதனால் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். மாமா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேராகக் கேட்டுக்கு வந்தார். தகடு வெறுமையாக இருந்தது.

"இங்கதான் ஒட்டுவா" என்றார் மாமா.

"ஏன்யா, கத்திரிக்கோல் இன்னிக்கு லீவா?" கண்ணாடிக்காரர் சிரித்தார். "தாள் இல்லைன்னா புயலும் இல்லைன்னுதானே அர்த்தம்? ஐஸை ஏத்து."

மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். பத்தடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். "டேய், அக்கா இன்னிக்குத் தாள் ஒட்டலையா?"

"தெரியலை மாமா" என்றேன்.

தாள் அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவருடைய படகுக்கு ஐஸ் உடைத்து ஏற்றியதும் நானேதான். போகும்போது அவர் எனக்குக் கை காட்டினார். அன்றைக்குப் பத்தொன்பது படகு போயின. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி மதியம்தான் ஏறியது. அதற்குள் படகுகள் போன் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டன.

இரண்டு மணிக்கு அக்கா வெளியே வந்தாள். படகுத்துறை ஏறக்குறைய பாதி காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மூலைத் துண்டை நகத்தால் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மேனேஜர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

அங்கே அவள் பேசியது முழுவதையும் இங்கே எழுத முடியாது. "கடலை மறைக்க உங்களுக்கு யாருய்யா உரிமை குடுத்தா?" என்று கேட்டது வாசல் வரை கேட்டது. மேனேஜர் அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "நாளைக்கு வரைக்கும் எதுக்கு?" என்று அறைச் சாவியை மேஜைமேல் எறிந்துவிட்டு வந்தாள். யார் கிழித்தது என்று அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் காற்று எழுந்தது. நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அவள் முன்னால் மேஜையில் வைத்தேன். கசங்கி, பசையோடு பசை ஒட்டிக்கொண்டிருந்தது. "நான்தான்க்கா" என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாடிக்குப் போய்க் கம்பியைப் பாரு. காத்துல தளர்ந்திருக்கும். அறுந்துச்சுன்னா ராத்திரித் தாள் வராது" என்றாள்.

மாடியில் நிற்க முடியவில்லை. தண்ணீர் டேங்க் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கம்பியை இழுத்துக் கட்டினேன். அழுதேன் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் பகல் முழுக்க அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தாள் தாளாக வந்தது. காற்று எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் அதில் இருந்தது. மாமா எங்கே என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. "எல்லாத்தையும் காட்டுதுடா இது. எனக்கு வேண்டிய ஒண்ணைக் காட்ட மாட்டேங்குது" என்றாள். அடுத்த தாளுக்கு நேரம் இருந்தது. கை சும்மா இருக்காமல் வேறு அலைவரிசைக்குத் திருப்பினாள். விசில் சத்தம் வந்தது, திரையில் மேலிருந்து கீழாக ஒரு படம் இறங்கியது. எவனோ ஒருவன் தன் தோட்டத்தில் காய்த்த தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா அந்தத் தக்காளியைக் கடைசிக் கோடு வரை பார்த்தாள். பார்த்துவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தத்தையும் அந்த முகம் தெரியாதவன் முன்னால் கொட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அன்று சாயங்காலத்திலிருந்து படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. பத்தொன்பதும் வந்துவிட்டன. நாலு படகில் வலை போயிருந்தது, ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மாமாவின் படகு கடைசிக்கு முந்தியது. படகின் முன்கண்ணாடி உடைந்து, சுக்கான் வளைந்து, மாமாவின் இடது கை முழங்கைக்குக் கீழே முறிந்திருந்தது. அக்கா அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். வலியில் சிரித்தாரா, உயிரோடு வந்த சந்தோஷத்திலா, எனக்குத் தெரியாது. தாளைக் கிழித்தது யார் என்று மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை. என்னிடம், "அது உன் வேலை. நீ சொல்லு" என்றாள். நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் மேனேஜர் மாமாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கையில் பழப்பை. உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, நல்லவர் மாதிரி தொடங்கினார். "யாருக்கும் உயிர் போகலை, அதுவே பெரிசு. ஒரு காத்து அடிச்சதுக்குப் போய் அன்னிக்கு அப்படிக் கத்திட்டியேம்மா."

அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "யாராவது செத்தாத்தான் என் தாள் நிஜமாகுமா சார்? எத்தனை பேர் வேணும்? சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன்."

அவர் தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். பழப்பையை நான் படிவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அன்றைக்கு அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலை கடல் அடங்கிவிட்டது. சேதமில்லாத படகுகள் எல்லாம் கிளம்பத் தயாராக இருந்தன. ஐஸ் ஏற்ற வண்டிகள் படகு டிரைவர்களோடு எங்கள் வாசலில் வரிசை கட்டின. நான் முதல் பாரை இறக்கச் சொல்லிக் கை காட்டினேன். முதல் வண்டிக்காரர் அசையவில்லை.

"தாள் எங்க?" என்றார்.

"இனிமே தாள் கிடையாது. அவங்களை நிப்பாட்டியாச்சு."

"அப்போ ஐஸும் வேணாம்."

அடுத்தவரிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். வரிசையின் கடைசியில் மாமா, கழுத்திலிருந்து கட்டுத் தொங்க, கைலியோடு நின்றிருந்தார். அவர் படகு பழுதுக்குப் போயிருக்கிறது, அவருக்கு ஐஸ் எதற்கு? ஆனால் வரிசையில் நின்றார். விரலால் வெட்டிக்காட்டிய ஆட்களும் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை, கத்தவில்லை. "தாள் எங்க?" என்று கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்கள்.

எட்டு மணிக்கு மேனேஜர் என்னை அக்கா வீட்டுக்கு ஓடச் சொன்னார். ஓடினேன். அக்கா அன்றைக்கும் ஐந்தரைத் தாளை எடுத்து வைத்திருந்தாள். வேலை போன பிறகும் ஒருநாள்கூட அவள் நிறுத்தவில்லை. தாளை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் கேட்டுக்கு வெளியே வந்து தாளை வாங்கிப் பார்த்தார். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. இதைவிட நல்ல கடல் இருக்க முடியாது. அவர் முகம் மலர்ந்தது. "இதுதானே! இதை ஒட்டு, தாராளமா ஒட்டு. வேலைக்கும் இன்னிக்கே வந்துடு. இங்க பாரும்மா, நமக்குள்ள ஒரு ஏற்பாடு. நல்ல தாள் வந்தா ஒட்டு. கெட்ட தாள் வந்தா எங்கிட்ட கொண்டுவந்து குடு. நான் பாத்துச் சொல்றேன்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டது.

அக்கா கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கினாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். "கெட்டது கிடையாதுன்னா நல்லதும் கிடையாது சார்."

"என்னம்மா விளையாடுறே? அதுல ஒண்ணும் இல்லையே! நல்ல கடல்! இதை எதுக்கு மறைக்கிறே?"

"கெட்ட தாளை மறைச்சா ஆள் சாவான். நல்ல தாளை மறைச்சா ஐஸ்தான் கரையும். கரையட்டும்."

சொல்லிவிட்டு ஓரத்தில் கிடந்த காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியது. ஒன்பது மணி ஆனது. வண்டிக்காரர்கள் நிழலுக்கு நகர்ந்தார்களே தவிர வரிசையை விடவில்லை. பேக்டரிக்குள் பார்களிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. கண்ணாடிக்காரர் தன் இன்னொரு படகுக்கு ஐஸ் ஏற்ற வந்தவர், டிரைவர்களைக் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் மேனேஜர் பக்கம் திரும்பினார். "யோவ், அந்தம்மா கேக்குறதைக் குடுத்துத் தொலைய்யா! என் படகு கண்ணாடியும் சுக்கானும் போனது உன்னாலதான், தெரியுமா? அன்னிக்குத் தாள் இருந்திருந்தா நான் அனுப்பியிருப்பேனா?"

மேனேஜர் அவரைப் பார்த்தார், ஐஸ் தண்ணீர் ஓடும் வாய்க்காலைப் பார்த்தார். பத்தரை மணிக்கு அவர் அக்காவிடம் வந்து நின்றார். "சரி. எது வந்தாலும் ஒட்டு."

"எங்கிட்ட சொல்லாதீங்க சார். அவங்ககிட்ட சொல்லுங்க."

அவர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். காது சிவந்துவிட்டது. "எது வந்தாலும் ஒட்டுவாங்க. யாரும் கிழிக்க மாட்டாங்க" என்றார். சத்தமாகச் சொல்லுங்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மறுபடியும் சொன்னார்.

அக்கா எழுந்தாள். மடித்த தாளை விரித்துச் சுருக்கம் போகத் தொடைமேல் வைத்துத் தேய்த்தாள். பசை டப்பாவை எடுத்தாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கேட்டுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். தாளையும் பசையையும் என் கையில் திணித்தாள்.

"நீ ஒட்டு" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "கிழிச்ச கைதானே."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தேன். "தெரியலை மாமா" என்று நான் சொன்னது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்கும். அவர் முகத்தில் அது தெரிந்தது. அவர் கட்டுப்போட்ட கையை நல்ல கையால் தாங்கிக்கொண்டு வரிசையை விட்டு வந்தார். எனக்கும் கேட்டுக்கும் நடுவே வந்து நின்றார்.

"ஆமா மாமா" என்றேன். "நான்தான் கிழிச்சேன். பாக்கெட்ல வச்சுக்கிட்டே தெரியலைன்னு சொன்னேன்."

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். அப்புறம் ஒதுங்கி வழி விட்டார். நான் தகட்டில் பசை தடவினேன். பசை முழங்கை வரை வழிந்தது. தாளை வைத்தேன். பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"கோணலா இருக்கு. எடுத்து நேரா ஒட்டுடா."